பிச்சாண்டி வீட்டுச் சுவர் யாருடைய ரசிகன்

முத்தலாங்குளம் பஜனைமடத் தெருவில் அந்த வருஷம் ஆவணி பிறந்ததிலிருந்து எல்லா வீட்டுச் சுவர்களும் தத்தம் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, பிச்சாண்டி வீட்டுச் சுவர் மட்டும் வாயே திறக்கவில்லை. இட்லி விற்கிற மூக்கம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினால் அவள் வீட்டுக் கிளிப்பச்சைச் சுவர் "மூக்கம்மா! மூக்கம்மா!" என்று விசிலடித்துக் கூப்பாடு போட்டது, ரிட்டையர்டு கண்டக்டர் பரமார்த்தலிங்கம் பேப்பர் வாங்கப் புறப்பட்டால் அவர் வீட்டுக் குங்குமச் சுவர் மேளம் தட்டி வழியனுப்பியது, திரும்பி வந்து அவர் கதவைச் சாத்தினால் "ஒன்ஸ்மோர்" என்று கெஞ்சியது. இத்தனைக்கும் நடுவில், முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விட்ட பிச்சாண்டி சவுண்ட் சர்வீஸ் உரிமையாளரின் வீடு, மயில்கழுத்து நிறத்தில் பளபளவென்று, ஊமைபோல நின்றது. தெருவுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. பிச்சாண்டிக்கு அப்படி இல்லை.

எல்லாம் பவளமல்லி பெயிண்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்து வைத்தது. அந்தக் கம்பெனியில் விளம்பரம் யோசிக்கிற பிரிவில் இருந்தவர்கள், கடல் கடந்து எங்கோ ஐந்தாறு பையன்கள் கூடி ஆடிப் பாடுகிற ஒரு குழுவுக்காக ஊர் ஊராகப் பெண்பிள்ளைகள் கையில் விளக்குக்கோல் பிடித்து, தொண்டை கிழிய பெயர் சொல்லிக் கத்தி, அந்தப் பையன்களின் படம் போட்ட சின்ன அட்டைக்காக ஒருத்தியோடு ஒருத்தி மல்லுக்கு நிற்கிறதை வீடியோவில் பார்த்து வாய் பிளந்து, முன்பின் தெரியாத ஒருவனுக்காக இத்தனை சத்தம் போடும் உலகத்தில் வீட்டுக்காரனுக்காகச் சத்தம் போட ஒருவருமில்லையே என்று யோசித்து, "உங்கள் சுவர், உங்கள் ரசிகன்" என்று ஒரு வாசகத்தை எழுதிவிட்டார்கள். எழுதியதோடு விட்டிருக்கலாம். ஆறு நிறங்களை எடுத்து, ஒரு பாட்டுக்குழு மாதிரி அவற்றுக்குப் பிறந்தநாள், பிடித்த பலகாரம், குணம் எல்லாம் வைத்து, குங்குமம் கோபக்காரன், சந்தனம் கூச்சக்காரன், மயில்கழுத்து மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறவன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை அடித்து, டப்பாவுக்கு ஒன்றாக உள்ளே போட்டு அனுப்பினார்கள்.

இதை எடுத்துக்கொண்டு முத்தலாங்குளத்துக்கு வந்து இறங்கியவள் ஜெனிதா என்கிற நாகர்கோவில் பெண், கம்பெனியின் ஏரியா ஆபீசர். தர்மராஜ் அண்ணாச்சியின் ஹார்டுவேர்ஸ் கடை வாசலில் நின்று அவள் விளக்குக்கோலை ஆட்டி ஆட்டி விளக்கினாள், ஊர் நிதானமாகக் கேட்டுக்கொண்டது, ஏனென்றால் ரசிகன் என்றால் என்னவென்று முத்தலாங்குளத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை, நாலு ரசிகர் மன்றமும் இரண்டு தியேட்டரும் இருக்கிற ஊர் அது. மறுவாரமே குங்குமத்துக்கு ஒரு மன்றமும் மாம்பழத்துக்கு ஒரு மன்றமும் போர்டு மாட்டின. இரண்டு மன்றத்தாரும் மார்க்கெட் முக்கில் கைகலந்து, கடைசியில் குங்கும நிற டப்பாவுக்குப் பாலபிஷேகம் செய்ததில் ஒரு டப்பா பெயிண்ட் திரிந்து போனது. அட்டைகளைப் பெண்கள் பண்டமாற்று செய்தார்கள், இரண்டு சந்தனம் கொடுத்தால் ஒரு வாடாமல்லி என்று கணக்கு. ஜெனிதா இதையெல்லாம் போனில் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப, மேலிடம் சந்தோஷம் தாங்காமல் ஒரு மெஷினை அனுப்பி வைத்தது.

நிறம் கலக்கிக் குலுக்குகிற மெஷின்தான், எல்லாப் பெரிய பெயிண்ட் கடையிலும் இருக்கிறது. இதில் கூடுதலாக ஒரு மைக் வைத்திருந்தார்கள். யாருக்கு ரசிகனாக வேண்டுமோ அவர் பெயரை மைக்கில் சொன்னால் மெஷின் அந்தப் பெயரோடு சேர்த்து டப்பாவைக் குலுக்கும், டப்பா மேல் அந்தப் பெயரை அச்சடித்து ஒரு ஸ்டிக்கரும் வரும். கம்பெனியைப் பொறுத்தவரை இது ஒரு விளையாட்டு. ஸ்டிக்கரை ஒட்டிப் படமெடுத்துப் போடுவார்கள், நாலு பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான் அவர்கள் நினைத்தது. சொன்ன பெயர் பெயிண்டுக்குள்ளேயே போய்க் கரையும் என்று யாரும் நினைக்கவில்லை. ஏன் கரைந்தது என்று ஊரில் யாரும் கேட்கவுமில்லை.

இங்கே பிச்சாண்டிக்கும் மைக்குக்கும் உள்ள சங்கதியைச் சொல்லியாக வேண்டும். மைக் செட் போடுகிறவர்கள் எல்லோரும் "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்ப்பார்கள். பிச்சாண்டி மட்டும், மகள் பிறந்த நாளிலிருந்து, "செம்மலர்... செம்மலர்..." என்று அவள் பெயரைச் சொல்லித்தான் பார்ப்பார். கேட்டால், ஆரம்பத்து எழுத்தில் கீச்சு தெரிந்துவிடும், நடுவில் வருகிற 'ம்ம'வில் பாஸ் என்கிற அடிச்சத்தம் தெரிந்துவிடும், ஒரு பெயரில் மொத்த செட்டும் டெஸ்ட் ஆகிவிடும் என்று தொழில்காரணம் சொல்வார். கல்யாண வீடானாலும் கட்சிக் கூட்டமானாலும் அந்தச் சிறுமி அப்பாவோடு வண்டியில் ஏறி வந்து, மைதானத்தின் கடைசி மூலைவரை ஓடிப்போய் நின்றுகொள்வாள். இவர் இங்கிருந்து "செம்மலர்..." என்பார். அவள் அங்கிருந்து இரண்டு கையையும் வாயருகே குவித்து, "கேக்குதுப்பா!" என்பாள். அவள் கேட்கிறது என்று சொன்னால்தான் செட் சரி என்று அர்த்தம், மந்திரி மேடையில் வந்து உட்கார்ந்திருந்தாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தச் செம்மலர் நர்ஸிங் படித்து, வேலைக்குப் போன இடத்தில் வேற்றுச் சாதிப் பையன் ஒருவனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி வந்தபோது பிச்சாண்டி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மரத்துக்கு மரம் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தார், ஓடிக்கொண்டிருந்த சாமி பாட்டை நிறுத்தினார், காணாமல் போன சாவிக்கொத்தை அறிவிக்கிற அதே குரலில், "பிச்சாண்டி சவுண்ட் சர்வீஸ் பிச்சாண்டிக்குப் பிள்ளைகள் யாரும் கிடையாது. பொதுமக்கள் அறியவும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, பாட்டைத் திரும்பப் போட்டார். மைக்கில் சொன்னது சொன்னதுதான் என்று வாழ்ந்த மனுஷர். அன்றிலிருந்து அவர் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மைக்கை டெஸ்ட் செய்ய வேண்டுமென்றால் விரலால் டொக் டொக்கென்று தட்டுவார், அதோடு சரி. முன்போல் செட் சரியாக இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தெருவே பெயிண்ட் அடிக்கிறது, நாமும் அடித்தால் என்ன என்று அவர் மனைவி கோமு கேட்டபோது, பிச்சாண்டிக்கு மறுக்கத் தோன்றவில்லை. மயில்கழுத்து நிறம் வேண்டுமென்று சொல்லி அனுப்பினாள். கோமதி என்கிற முழுப்பெயரை ஸ்டிக்கரில் அச்சடித்து வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைக்க வேண்டும், பாவம், அவளுக்கென்று எதுவும் செய்ததில்லை, என்றெல்லாம் வழி முழுக்க நினைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார்.

"அங்கிள், மைக்ல பேரச் சொல்லுங்க" என்றாள் ஜெனிதா.

மைக்கை முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தாள். விரலால் தட்டப் போனவரின் கைகளில் பிரஷ்ஷும் பையும் இருந்தன. கையில்லாத குறைக்கு வாய் முந்திக்கொண்டு, "செம்மலர்" என்று சொல்லிவிட்டது.

மெஷின் குலுங்க ஆரம்பித்தது. தர்மராஜ் அண்ணாச்சி கணக்குப் பார்க்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார். பிச்சாண்டி, நானா சொன்னேன், அல்லது வாய் தானாகச் சொன்னதா, பழக்க தோஷமா, அல்லது பழக்கம் என்ற பேரில் மனசு செய்த வேலையா, ஒன்றும் விளங்காமல், நிறுத்தச் சொல்லவும் தெரியாமல், குலுங்குகிற டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே வந்ததும் முதல் வேலையாக ஸ்டிக்கரைக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். வீட்டுக்கு வந்து, "உன் பேரைத்தான் சொன்னேன்" என்றார். கோமு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

பெயிண்ட் காய்ந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தெருவில் சுவர்கள் ஒவ்வொன்றாகக் குரலெடுத்தன. முதலில் மூக்கம்மா சுவர்தான். அவள் பயப்படவெல்லாம் இல்லை, கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து, "இத்தன வருசமா எங்க போயிருந்த?" என்று சுவரைத் திட்டினாள், திட்டியதற்கும் சுவர் விசிலடித்தது. ஆள் தெருவில் தலைகாட்டினால் போதும், சுவரில் பொடிப் பொடியாக ஆயிரம் விளக்குக்கோல் ஏற்றிப் பிடித்த மாதிரி வெளிச்சம் அலையலையாக ஓடும், கூடவே பெயர் சொல்லி முழக்கம். ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கண்ணேறு பட்டுவிடும் என்று எல்லா வீட்டிலும் பூசணிக்காய் கட்டினார்கள். ஸ்கூல் பரீட்சை நேரத்தில் மட்டும் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பிச்சாண்டியிடம் கேட்டார்கள், அவர் ஸ்பீக்கர் மூடுகிற கறுப்புத் துணியைச் சுவரில் கட்டிப் பார்த்தார், துணிக்குப் பின்னாலிருந்து சுவர் இன்னும் ஏக்கமாகக் கத்தியது. கொடுத்த கடனைக் கேட்டு வருகிறவர்களுக்கு வசதியாகப் போயிற்று, ஆள் வீட்டில் இல்லையென்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாக நழுவினால் சுவர் காட்டிக்கொடுத்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அண்ணன் பெயருக்கு மட்டும் சுவர் கத்தியதால், தம்பி பாகம் பிரித்துக் கேட்டான்.

ஆட்களும் மாறிப்போனார்கள். குனிந்த தலை நிமிராமல் நடந்தவர்கள் கையை ஆட்டி ஆட்டி நடந்தார்கள். பரமார்த்தலிங்கம் பேப்பர் வாங்க மட்டுமே ஒரு நாளைக்குப் பலமுறை போய்வந்தார், முப்பத்தைந்து வருஷம் பஸ்ஸில் விசில் ஊதினேன், எனக்கு ஒருத்தன் விசிலடிக்க இத்தனை காலம் ஆனது என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

கோமுவின் பாடுதான் பார்க்கச் சகிக்கவில்லை. காலையில் கதவைத் திறந்து, கோலப்பொடியோடு படியிறங்கி, சுவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு கணம் நிற்பாள். சுவர் பேசாது. குனிந்து கோலத்தைப் போட்டுவிட்டு, நிமிர்ந்து, இன்னொரு கணம் நிற்பாள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அமளிதுமளிப்படும், இவள் வீட்டில் சுவர்ப்பல்லி சத்தம்கூட இருக்காது. "பெயிண்டுல தண்ணியக் கலந்துட்டாரோ அண்ணாச்சி?" என்றாள் ஒருத்தி. "எதுக்கும் சத்தமா ஒரு பாட்டுப் பாடிப் பாருங்க மயினி, உங்களத் தெரியாம இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. ஜன்னலுக்கு உள்ளே நின்று பிச்சாண்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். உண்மையைச் சொன்னால் தன் வாய் தன்னைக் காட்டிக்கொடுத்த கதையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கைதட்டுக்குக்கூட லாயக்கில்லாதவள் என்று இவள் தினமும் சாக வேண்டும். இரண்டில் எதைச் செய்வதென்று தெரியாமல் அவர் ஆம்பிளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த பெட்டியையே துடைத்தார்.

சுவர் யாருக்காகக் காத்திருக்கிறது என்பது அந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். கல்லா மண்ணா அது, கத்தாமல் நிற்கிறது என்று கோபப்படுவார். கத்திவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த நிமிஷம் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். பெயர் சொல்லாத வீட்டில், பெயர் சொல்லவென்றே ஒரு சுவர் நின்றுகொண்டிருக்கிறது. அவள் வந்து தெருவில் கால் வைத்தால் அது ஊரைக் கூட்டிவிடும், மைக்கில் சொன்ன வார்த்தை காற்றில் போய்விடும். அவள் வரவே மாட்டாள் என்று நினைத்துத் தைரியப்படுவார். அந்தத் தைரியம் அவருக்கு ஒரு நாளும் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பரமார்த்தலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். ஊர் திரண்டது, பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், பாடையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததும் குங்குமச் சுவர், தன் ஆள் வெளியே வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில், என்றைக்கும் இல்லாத வெளிச்சத்தோடு மேளம் தட்டி, விசிலடித்து, "பரமார்த்தலிங்கம்! பரமார்த்தலிங்கம்!" என்று ஆர்ப்பரித்தது. தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அழுகிறதா, காதைப் பொத்துகிறதா, சுவரை அடக்குகிறதா, அதற்கு எப்படிச் சொல்வது, ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் மனைவி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "போதும்யா, கேட்டுருச்சு அவருக்கு, போதும்" என்று சுவரில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தாள். பாடை தெருமுனை திரும்பிய பிறகு சுவர் "ஒன்ஸ்மோர்" என்று கேட்டது. இரவு வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

இதற்குப் பிறகுதான் கம்பெனிக்கு விஷயம் போனது. மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து, சுவரில் காதை வைத்துக் கேட்டு, இதை வெற்றி என்று எழுதுவதா குறைபாடு என்று எழுதுவதா என்று தங்களுக்குள் வாதாடி, முடிவு காணாமல், விருப்பப்பட்டவர்களுக்கு இலவசமாக வெள்ளை பிரைமர் என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். "நான் என்னண்ணாச்சி செய்ய, நான் சொன்னதெல்லாம் பேரச் சொல்லுங்கன்னு மட்டும்தான்" என்று ஜெனிதா கடை ஸ்டூலில் உட்கார்ந்து புலம்பினாள். பிரைமர் டப்பாக்கள் மலைமாதிரி குவிந்து கிடந்தன, வாங்கத்தான் ஆளில்லை. பரமார்த்தலிங்கத்தின் மனைவியே வேண்டாமென்றுவிட்டாள், காலையில் பேப்பர் வருகிற நேரத்துக்குச் சுவர் மெதுவாக அவர் பெயரை முணுமுணுக்கிறது, அது இருக்கட்டும் என்றாள். பிரைமர் வாங்க வந்தது ஒரே ஒரு ஆள். பிச்சாண்டி.

அது தீபாவளி கழிந்த ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் ஏணியைச் சாத்தி, பிரஷ்ஷை நனைத்து, மேலே ஏறியவர் கீழே பார்த்தார். கோமு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பூ வாங்கி வருவது அவள் வழக்கம், தெருவிலேயே பூக்காரி வரும்போது ஏன் அங்கே போகிறாய் என்று அவர் கேட்டதில்லை. நடுவில் சில மாசம் போகாமல் இருந்தாள், அதையும் கேட்டதில்லை. ஏணியில் நிற்கிற தைரியமோ என்னவோ, அவருக்கு வாய் வந்துவிட்டது.

"கோமு. நான் அன்னைக்கு உன் பேரச் சொல்லல."

"தெரியும்" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"எப்படித் தெரியும்?"

"ஒரு வாரம் நம்பினேன். பெறவு யோசிச்சேன். முப்பது வருசத்துல மைக் முன்னாடி நீங்க என் பேரச் சொல்லி நான் கேட்டதே இல்லையே, அன்னைக்கு மட்டும் எப்படிச் சொல்லியிருப்பீக?"

அவர் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து வெள்ளை சொட்டியது.

"பெறவு எதுக்குத் தெனமும் செவரப் பாத்துக்கிட்டு நின்ன?"

"உங்க மனசுக்குள்ள என்ன இருக்குன்னு என்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான். பாக்காம இருக்க முடியுமா?" என்றாள் கோமு. "வெள்ளையடிக்கணும்னா அடிங்க. உங்க வீடு. நான் பூ வாங்கிட்டு வந்துடுறேன். அடுத்த தீவாளிக்கு அடுப்படிக்குன்னு ஒரு டப்பா வாங்கித் தாங்க, பேர நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்."

அவள் போய்விட்டாள். பிச்சாண்டி பிரஷ்ஷை ஓங்கினார். ஓங்கிய கை சுவரைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போகட்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்தார். அந்தத் தெருவின் முனையில்தான் பஸ் ஸ்டாண்டு, ஏணியிலிருந்து பார்த்தால் பஸ்கள் வந்து நிற்பது தெரியும், சுவருக்கும் தெரியும். கோவில்பட்டியிலிருந்து வருகிற பச்சை பஸ் ஒன்று திரும்பி உள்ளே வந்தது.

முதலில் ஏணிதான் நடுங்கியது. பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் மயில்கழுத்து நிறம் விளிம்பிலிருந்து விளிம்புவரை சிலிர்த்து, ஆயிரமல்ல, லட்சம் பொடி விளக்குகள் ஒன்றாகக் கொளுத்திக்கொண்டு, இத்தனை மாசம் அடக்கி வைத்திருந்த மொத்தத் தொண்டையும் திறந்து, "செம்மலர்! செம்மலர்! செம்மலர்!" என்று வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் மற்ற சுவர்கள் போட்டதெல்லாம் முணுமுணுப்பு. பிச்சாண்டி டப்பாவைத் தவறவிட்டுக் கீழே இறங்கினார், இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சொல்லக்கூடாத பெயரைச் சொன்னவர் யாரென்று பார்க்க வந்தவர்கள், சுவரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். வெட்கத்தில் அவருக்குக் காது எரிந்தது. வெட்கம்தானா அது என்றும் புரியவில்லை, நெஞ்சு கோயில் கொடை மேளம் மாதிரி அடித்துக்கொண்டது.

"இங்க... இங்க எப்படி அவ..." என்றார்.

மூக்கம்மா அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "கோவில்பட்டி ஆஸ்பத்திரியில வேல பாத்துட்டு அவ வாராவாரம் இந்த பஸ்லதான் வீட்டுக்குப் போறா அண்ணாச்சி. பைபாஸ் வண்டி இருக்கையில ஊருக்குள்ள வார வண்டியத் தேடிப் பிடிச்சு ஏறுறா. டீ குடிக்க நிறுத்துற நேரம் கோமு மயினி ஜன்னல் வழியா அவகிட்டப் பேசிட்டு வரும். பிள்ள பெத்து வீட்டுல இருந்தா, இன்னைக்குத்தான் அத மயினிக்குக் காட்ட மறுபடி வந்திருக்கா. ஊருக்கே தெரியும். ஊருக்கெல்லாம் சத்தம் குடுக்குற உங்களுக்குத்தான் கேக்கல."

"பிள்ளையா?"

"பொம்பளப் பிள்ள."

சுவர் விடாமல் கத்தியது. டீ குடித்து முடித்து டிரைவர் ஏறிவிட்டால் பஸ் போய்விடும். இந்தச் சத்தத்தை அங்கேயிருந்து கேட்டிருப்பாளா, கேட்டிருந்தாலும் அது யார் வீட்டுச் சுவரென்று தெரியுமா, தெரிந்தாலும் சுவர் கூப்பிட்டால் வந்துவிடுவாளா, பிள்ளை யாரும் கிடையாதென்று மைக்கில் சொன்னவன் வீட்டுக்கு? பிச்சாண்டிக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. மைக்கில் சொன்னதை வேறு எதில் சொன்னாலும் அழிக்க முடியாது. உள்ளே ஓடினார், துடைத்துத் துடைத்துத் தேய்ந்துபோன ஆம்பிளிஃபயரைப் போட்டார். மொட்டை மாடியில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து எந்நேரமும் கட்டியே கிடக்கிற குழாய் ஸ்பீக்கர் கர்ரென்று உயிர் பெற்றது. மைக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

விரலால் தட்டினார். டொக், டொக். சுவர் சட்டென்று அடங்கியது. அதைப் பார்த்துத் தெருவிலிருந்த மற்றச் சுவர்களும் அடங்கின, குங்குமச் சுவர்கூட. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று பிச்சாண்டிக்குத் தெரியவில்லை. பொதுமக்கள் அறியவும் என்று ஆரம்பிப்பதா, மன்னிப்பு என்று ஆரம்பிப்பதா, முன்பு சொன்ன அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது என்று சொல்வதா, எதுவும் வாயில் வரவில்லை. மைக் முகத்துக்கு நேரே இருந்தது. வாய் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னது.

"செம்மலர்..."

கீச்சு சரியாக இருந்தது, பாஸ் சரியாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பச்சை பஸ்ஸின் எஞ்சின் உறுமியது. அவர் காத்திருந்தார், சுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இன்னொருமுறை, குரல் உடைந்து, "செம்மலர்..." என்றார்.

தெருமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பூப்பொட்டலத்தோடு நின்ற அம்மாவுக்குப் பக்கத்தில், தோளில் ஒரு கைக்குழந்தையைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். இரண்டு கையையும் குவிக்க முடியாமல் ஒற்றைக் கையை மட்டும் வாயருகே வைத்துக்கொண்டாள்.

"கேக்குதுப்பா!"

செட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிச்சாண்டி மைக்கை அணைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டார். அதனால் அதன் பிறகு அவர் அழுதது முத்தலாங்குளம் முழுக்கக் கேட்டது.